கொக்கு மார்க் சீட்டு

சைகோன்
8 ஜனவரி 1936

மாமா அவர்களுக்கு உலகநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் சௌக்கியம். தாங்கள் தேக சுகத்துடன் இருக்கிறீர்களா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் தங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கிழித்துப் போடாமல் கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

போன மாதம் இங்கே சொந்தமாகத் துணிக்கடை வைத்து, ஒரு கணக்குப்பிள்ளையையும் அமர்த்திவிட்டேன். நம் வில்லியனூர்த் தறிக்காரர் செல்லப்பன் நெய்து அனுப்பும் கைலிதான் முக்கியமான சரக்கு. துணியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இங்கே துணி வாங்க வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு எந்தப் பாஷையிலும் எழுத்து தெரியாது. இந்த ஊர் அன்னாமியரும் சரி, நம் பக்கத்திலிருந்து வந்தவர்களும் சரி, துணியில் தொங்கும் சீட்டின் படத்தை வைத்துத்தான் கேட்கிறார்கள். "யானை கொடு" என்பார்கள், "பாய்மரம் கொடு" என்பார்கள். என் கைலியில் ஒன்றும் தொங்கவில்லை. ஒரு தடவை வாங்கிப் போனவர் திரும்ப வந்து, "அன்னிக்கு வாங்கினேனே, அது" என்கிறார். அது எது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரன் ஏதோ ஒன்றை எடுத்துக் காட்டி, இதுதான் அது என்று விற்றுவிடுகிறான்.

என் கைலிக்கு ஒரு சீட்டு வேண்டும். சின்ன அட்டை, ஒரு துளை, ஒரு நூல். தாங்கள்தான் வரைந்து தர வேண்டும். மற்றக் கடைகளின் சீட்டு இரண்டை மாதிரிக்கு இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆதிலட்சுமி நலம். தங்களுக்கு அவளையே எழுதச் சொன்னேன். "அப்பா என்னெக் கேட்டு ஒரு வரி எழுதட்டும், அன்னிக்கே பதில் போடறேன். கேக்காத மனுஷருக்கு நானா எழுத மாட்டேன்" என்கிறாள். ஒரு வரி போதும் மாமா.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
உலகநாதன்


உறுவையாறு
17 பிப்ரவரி 1936

உலகநாதன் அவர்களுக்கு சுப்பராயலு எழுதுவது.

நலம். நீங்களும் உங்கள் கடையும் நலமாக இருக்க வேண்டியது.

மாமா என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தகப்பனார் குழந்தைவேல், தேர்தல் சமயத்தில் என் மேல் கொடுத்த மொட்டை மனு எனக்கு இன்னும் மனப்பாடம். சர்க்கார் மையையும் காகிதத்தையும் எடுத்துப்போய் எதிர்க் கட்சிக்காரர்களுக்குப் படம் போட்டுக் கொடுத்தேனாம். பதினெட்டு வருஷம் மராமத்து ஆபீசில் பாலத்துக்கும் மதகுக்கும் கோடு போட்டவனை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் போன வருஷம் காலமானதாகக் கேள்விப்பட்டேன். செத்தவர்களைப் பற்றிக் குறையாகப் பேசக் கூடாது என்பார்கள். நான் பேசவில்லை, எழுதுகிறேன்.

அந்த வீட்டுக்கு மருமகளாகப் போவது என்று ஒரு பெண் முடிவு செய்துவிட்டால் தடுக்க நான் யார்? தாய் இல்லாத பிள்ளை என்று கேட்டதையெல்லாம் கொடுத்து வளர்த்தேன். வில்லியனூர் மேரி என்னும் முனிசிபல் அலுவலகத்துக்கு வந்து கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் என்னால் கொடுக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கிறீர்கள். இனி எனக்கு எழுதும்போது அந்தப் பெயர் வேண்டாம். நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

நீங்கள் அனுப்பிய சீட்டுகளைப் பார்த்தேன். யானைக்குத் துதிக்கையைத் தவிர ஐந்து கால் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். இப்படிப்பட்ட படங்கள் கடல் தாண்டிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காகத்தான், உங்களுக்காக அல்ல, ஒரு படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். வில்லியனூர்க் கோபுரம், ஆறு, அதன் மேல் பாலம், கரையில் இரண்டு மாடு, தென்னை, சுற்றிலும் கொடி, மேலே தமிழிலும் கீழே பிரெஞ்சிலும் கடையின் பெயர். பாலத்தின் வளைவுகளை எண்ணிப் பார்த்து வரைந்திருக்கிறேன்.

உங்களுக்கும் உங்கள் கணக்குப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

சுப்பராயலு


சைகோன்
24 மார்ச் 1936

மாமா அவர்களுக்கு உலகநாதன் வணக்கம்.

இங்கு சௌக்கியம். தங்களுக்கு இருமல் விட்டதா? இருமல் இருப்பதாகத் தாங்கள் எழுதவில்லை. மாசி மாதம் தங்களுக்கு இருமல் வரும் என்று வீட்டில் சொன்னாள். தங்கள் கட்டளைப்படி பெயர் எழுதவில்லை, இனி வீட்டில் என்றே எழுதுகிறேன்.

படம் வந்தது. அரை நாள் வீட்டில் அதைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. பிறகு ஒரு கைலியில் அதைத் தொங்கவிட்டு, தெருவில் மீன் விற்றுக்கொண்டு போன அன்னாமியக் கிழவி ஒருத்தியைக் கூப்பிட்டு வாசலிலேயே நிற்க வைத்து, அது என்ன என்று கேட்டாள்.

கிழவி, "தபால்தலை" என்றாள்.

வீட்டில் அவளைக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னாள். கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஊர்" என்றாள்.

"எந்த ஊர்?"

"எல்லா ஊரும்."

தாங்கள் கோபிக்கக் கூடாது. வீட்டில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சீட்டுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். அந்த ஒண்ணெப் பேர் சொல்லிக் கேக்கணும். கோபுரம் குடு, பாலம் குடு, மாடு குடுன்னா கடையில இருக்கறவன் எதெ எடுப்பான்? எழுத்தும் இத்தினி வேணாம். படிக்கத் தெரிஞ்சவன் கடைப் பலகையெப் படிச்சிட்டுத்தானே உள்ள வரான்?"

இன்னும் இரண்டு விஷயம். அட்டை பெரிதாக இருப்பதால் கைலியின் கரையை மறைக்கிறது. கரையைப் பார்த்துத்தான் துணியை எடுக்கிறார்கள். துளையும் ஓரத்துக்கு மிக அருகில் இருக்கிறது, நாலு பேர் இழுத்துப் பார்த்தால் கிழிந்துவிடும். பின்பக்கத்தில் ஒன்றும் அச்சிடாமல் விட்டால் விலை எழுத வசதி.

தேகத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

உலகநாதன்


உறுவையாறு
18 மே 1936

உலகநாதன் அவர்களுக்கு சுப்பராயலு எழுதுவது.

நலம். இருமல் இல்லை. அங்கே கடை நலமா, கணக்குப்பிள்ளை நலமா?

ஒரு மீன்காரிக்குப் பாலத்துக்கும் தபால்தலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை. உங்கள் வீட்டில் இருக்கும் அந்த ஆளுக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக் கொடுத்தது யார் என்று கேட்டு எழுதுங்கள். ஆறு வயதில் கோடு போடச் சொன்னால் கோழி கிளறியது போல் போட்ட கை அது. இப்போது எனக்குப் பாடம் சொல்கிறது.

ஒன்றே ஒன்று வேண்டுமாம். சரி. ஒரு கொக்கு வரைந்தேன். ஒற்றைக் காலில் நிற்கிறது. அட்டையைப் பாதியாகக் குறைத்து, துளையை உள்ளே தள்ளி, கிழியாமல் இருக்கப் பின்னால் வட்டத் துணி ஒட்டினேன். மூலக்குளம் வழியாகப் புதுச்சேரிக்கு நடந்து போய் கல்லில் படம் எழுதி அச்சடிக்கும் அந்தோணிசாமியிடம் கொடுத்தேன். அவன் ஒரு வாயாடி.

"இன்னா முசே, ஒத்தக் கொக்கு? ஜோடியாப் போட்டா மை தீந்துடுமா?"

"ஒன்று போதும்."

"பின்னால ஒரு சூரியன்?"

"வேண்டாம்."

"தண்ணி?"

"ஒரு கோடு."

"இதுக்கா மூணு வர்ணத்துக்கு மூணு கல்லு தேய்க்கச் சொன்னே? எங்க வூட்டுப் பொடுசு போடும் இந்தக் கொக்கெ!"

போடட்டும். கொக்கின் கழுத்துக்கு வளைவு கண்டுபிடிக்க நான் நாற்பது தாள் கிழித்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

சீட்டைக் கட்ட வேறு யாரையும் நான் விடவில்லை. தொட்டால் எப்படிக் கெடுப்பார்கள் என்று தெரியும். செல்லப்பனிடமிருந்து அறுநூறு கைலியையும் வண்டிக்காரன் இருசப்பனைக் கொண்டு என் வீட்டிலேயே இறக்கினேன். கப்பல் அறையில் பூச்சி அரிக்கும் என்பதால் நூலை மஞ்சளில் ஊறவைத்துக் காயப்போட்டேன். ஒரு முடிச்சு வழுக்குகிறது, இரண்டு முடிச்சு வழியில் தளர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிச்சாகப் போட்டேன். பதினாறு நாள் ஆயிற்று. வெள்ளிக்கிழமை மூட்டைகள் கப்பலேறின. நூலின் நிறம் கொக்கின் வெள்ளைக்கு நன்றாக எடுத்துக் கொடுக்கிறது. இதில் குறை சொல்ல உங்கள் வீட்டில் ஒன்றும் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கும் கடைக்கும் நல்லதே நடக்கட்டும்.

சுப்பராயலு


சைகோன்
2 ஜூலை 1936

மாமா அவர்களுக்கு உலகநாதன் வணக்கம்.

இங்கு நலம். அங்கே வெயில் எப்படி? மத்தியானத்தில் வெளியே போகாமல் இருக்கவும்.

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பத்து நாள் தள்ளிப் போட்டேன். கொக்கை எல்லோருக்கும் பிடித்தது. மீன்காரக் கிழவி வாசலில் நின்றபடியே "கொக்கு" என்றாள். முதல் நாள் பாகூர்க்காரி காசம்மாள் வந்தாள். அவள் புருஷன் இங்கே போலீசில் இருக்கிறார். கைலியை எடுத்து, சீட்டைத் திருப்பிப் பார்த்தவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"இன்னாய்யா இது? மஞ்சக் கயிறு, மூணு முடிச்சு. கைலி விக்கறியா, கல்யாணம் பண்ணி வெக்கறியா?"

நான் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அறுக்காதடா! எம் புருஷன் கட்டிக்கப் போற துணிடா அது. அதுலேர்ந்து எங் கண்ணெதிர்ல மஞ்சக் கயித்த அறுப்பியா? நீ நல்லா இருப்பியா?"

சாயங்காலத்துக்குள் நம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் விஷயம் போய்விட்டது. புருஷனுக்குக் கைலி வாங்குகிறவள் பெண்சாதிதானே மாமா? ஒருத்தியும் தொடவில்லை.

கடையை மூடிவிட்டு வீட்டில் அந்த அறுநூறு கைலியையும் உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அவளும் கத்தரிக்கோலைத் தொடவில்லை. ஊசி முனையால் நெம்பி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். நானும் அவிழ்க்கிறேன் என்றேன். "எங்கப்பா போட்ட முடிச்சு, எனக்குத்தான் அவுக்கத் தெரியும்" என்று விடவில்லை. ஐந்தாம் நாள் விரல் நுனி வெடித்துத் துணி சுற்றிக்கொண்டாள். பதினொரு நாளில் முடித்தாள்.

இதில் தங்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை. நூலைப் பார்த்தபோது எனக்கும் அது தோன்றவில்லை.

உலகநாதன்


உறுவையாறு
3 அக்டோபர் 1936

உலகநாதன் அவர்களுக்கு சுப்பராயலு எழுதுவது.

நலம். மூன்று மாதம் எழுதவில்லை. காய்ச்சல் என்று எழுதலாம். காய்ச்சல் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று செல்லப்பன் வீட்டுக்குப் போய் அவன் பெண்சாதி தையலம்மாளிடம் ஒரு நூலைக் காட்டினேன். என்ன ஏது என்று சொல்லவில்லை, இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று மட்டும் கேட்டேன். அவள் தறிக் குழியில் இருந்த புருஷனைக் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. அய்யா இந்த வயசுல பொண்ணு பாக்கறாரு!" விஷயத்தைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தவள் தறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அறுநூறு பேருக்கா கட்டினீங்க? வூட்டுல ஒரு பொம்பள இருந்திருந்தா முதல் முடிச்சுலயே கையெத் தட்டிவுட்டிருப்பாளே அய்யா" என்றாள். அப்புறம் அவளே சிரிப்பை நிறுத்திக்கொண்டு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மோரை நான் குடிக்கவில்லை.

வழியில் இருசப்பனைப் பிடித்தேன். மூட்டை ஏற்றியவன் அவன்தானே.

"நீ பார்த்தாயா?"

"பாத்தன்."

"பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை?"

"நீ கேக்கலியே. கேக்காம சொன்னா உனுக்குக் கோவம் வரும். போன வருசம் வரப்பு சாயுதுன்னு சொன்னதுக்கு மூணு மாசம் எங்கிட்ட பேசல."

உண்மைதான். அவனோடு இப்போதும் பேச்சில்லை.

கொக்கைத் திரும்ப வரைந்து அனுப்பியிருக்கிறேன். நீல நூல், ஒரே சுருக்கு, இழுத்தால் வந்துவிடும். தையலம்மாளிடம் காட்டிவிட்டேன்.

முடிச்சு அவிழ்த்த விரல்கள் ஆறிவிட்டனவா?

சுப்பராயலு


சைகோன்
10 நவம்பர் 1936

மாமா அவர்களுக்கு உலகநாதன் வணக்கம்.

இங்கு சௌக்கியம். அங்கே மழை பிடித்திருக்கும், வீட்டின் மேற்குப் பக்க ஓடுகளை மாற்றினீர்களா என்று வீட்டில் கேட்கிறாள்.

விரல்கள் ஆறிவிட்டன. தங்கள் கடைசி வரியை உரக்கப் படித்தேன். வீட்டில் சிரித்தாள். "வெரலெக் கேட்டிருக்காரு. வெரலுக்குப் பின்னால ஒரு ஆளு இருக்கறது இன்னும் ஞாபகத்துக்கு வரலெ" என்றாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

புதிய கொக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அலகு கொஞ்சம் நீளம் என்று வீட்டில் நினைக்கிறாள். வாலும் சற்றுக் கனமோ என்று தோன்றுகிறது. தாங்கள் சிரமம் பார்க்காமல் இன்னொரு தடவை வரைந்து அனுப்ப முடியுமா? துண்டுகளுக்கும் ஒரு சீட்டு வேண்டும். அதற்கு என்ன படம் போடலாம் என்று தாங்கள் யோசித்து எழுதினால் நல்லது. அவசரம் இல்லை. விவரமாக எழுதவும்.

உலகநாதன்


உறுவையாறு
14 ஜனவரி 1937

உலகநாதா,

நலம் விசாரிக்க இப்போது எனக்கு மனமில்லை.

நேற்று கரிக்கலாம்பாக்கம் பச்சையப்பன் வந்திருந்தான். சைகோனில் காவல் வேலை பார்ப்பவன், விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறான். உன் கடையில் வாங்கியது என்று பொங்கலுக்கு எனக்கு ஒரு கைலி கொண்டுவந்தான். அதில் ஒரு சீட்டு தொங்கியது. கொக்குதான். ஆனால் நடக்கிற கொக்கு. என் கொக்கு நிற்கும், நடக்காது.

"இது எவ்வளவு நாளாக இருக்கிறது?" என்று கேட்டேன்.

"ஆடி மாசத்துலேர்ந்து இதான் மாமா. நடக்கற கொக்கு குடுன்னா குடுத்துடுவாங்க. உங்க பொண்ணு வரைஞ்சதுன்னு அங்க எல்லாருக்கும் தெரியுமே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

ஆடியிலிருந்து! அப்படியென்றால் அலகு நீளம், வால் கனம் என்று நீ எழுதியதெல்லாம் என்ன? துண்டுக்கு நான் வரைந்த பதினொரு படம் மேசை மேல் இருக்கிறது. மையும் தூரிகையும் வாங்க மழையில் புதுச்சேரிக்குப் போய் வந்தேன். ஒன்றும் தெரியாத கிழவனை வைத்து இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தீர்களா? உன் தகப்பனார் ஒரே மனுவில் முடித்துக்கொண்டார். நீ கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறாய்.

இதற்குப் பதில் வேண்டாம்.

சுப்பராயலு


சைகோன்
19 பிப்ரவரி 1937

மாமா அவர்களுக்கு உலகநாதன் வணக்கம்.

தாங்கள் நலமாக இருக்க வேண்டும்.

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. முடிச்சுகளை அவிழ்த்த பிறகு, நிற்கிற கொக்கைப் பார்த்தாலே "தாலி கட்டின கொக்கு" என்று பெண்கள் ஒதுங்கினார்கள். வேறு படம் இல்லாமல் கடையைத் திறக்க முடியாது. தங்களுக்கு எழுதிப் பதில் வர இரண்டு மாதம் ஆகும். வீட்டில் ஒரே ராத்திரியில் வரைந்தாள். இங்கேயே அச்சடித்தோம்.

சொல்லாமல் மறைத்தது என் தப்பு. சொன்னால் படம் அனுப்புவதைத் தாங்கள் நிறுத்திவிடுவீர்கள், படம் நின்றால் கடிதமும் நின்றுவிடும் என்று பயந்தோம். தங்கள் கடிதம் வந்தால் உறையைப் பிரிப்பது நானல்ல, அவள்தான். முதலில் கடைசிப் பக்கத்தைப் படிப்பாள், தன்னைக் கேட்டிருக்கிறீர்களா என்று. இல்லை என்றதும் மடித்து என்னிடம் கொடுப்பாள். ஒவ்வொரு தடவையும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் தகப்பனார் அந்த மனுவை எழுதியது உண்மை. அதில் எழுதியிருந்ததெல்லாம் பொய் என்று சாகும் முன் என்னிடம் சொன்னார். தங்களிடம் சொல்லச் சொன்னேன், முடியாது என்றுவிட்டார். அதற்கு நான் என்ன செய்ய முடியும் மாமா?

நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் பேசி எனக்கு அலுத்துவிட்டது. இனி நான் தங்களுக்கு எழுத மாட்டேன். தங்களிடமிருந்து என் பெயருக்குக் கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவதாக இருக்கிறேன். ஆதிலட்சுமி பெயருக்கு வந்தால் அவள் பிரிப்பாள். தங்கள் கட்டளையை மீறிப் பெயரை எழுதிவிட்டேன்.

உலகநாதன்


உறுவையாறு
6 ஏப்ரல் 1937

ஆதிலட்சுமிக்கு அப்பா எழுதுவது.

இங்கு நலம்.

உன் கொக்கின் கால் தப்பு. பார்த்தவுடனே தெரிந்தது. ஆனாலும் வயலுக்குப் போய் இரண்டு காலை வேளை நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொக்கு நடக்கும்போது கால் நம் முழங்கால் போல முன்பக்கம் மடங்காது, பின்பக்கம் மடங்கும். உனக்கு எட்டு வயதில் இதை ஆற்றங்கரையில் காட்டியிருக்கிறேன். நீ அப்போதும் கவனிக்கவில்லை, நண்டு பிடித்துக்கொண்டிருந்தாய். காலைத் திருத்தி இத்துடன் வரைந்து வைத்திருக்கிறேன். கல்லில் மாற்றிக்கொள்ளச் சொல்.

கழுத்து நன்றாக வந்திருக்கிறது. எனக்கு நாற்பது தாள் ஆயிற்று. உனக்கு எத்தனை?

மேற்குப் பக்க ஓடுகளை இன்னும் மாற்றவில்லை.

ஒரு தடவை வந்து போனால் காலைப் பக்கத்தில் இருந்து காட்டித் தருவேன். எழுத்தில் விளங்க வைப்பது கஷ்டம்.

நீ நலமா? உன் புருஷன் கேட்ட ஒரு வரி இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா


சைகோன்
12 மே 1937

அப்பாவுக்கு ஆதிலட்சுமி எழுதுவது.

நலம். கேட்டதால் எழுதுகிறேன். இவரும் நலம்.

கால் தப்பு என்பது அச்சாகி வந்த அன்றே தெரிந்தது. ஆனால் மாற்ற முடியாது. மூன்று மாதம் முன்னால் பக்கத்துக் கடைக்காரன் நம் சீட்டைப் பார்த்து அதே போல் ஒன்று அடித்தான். அவனுடைய படக்காரன் உங்களைப் போல நல்ல படக்காரன், காலைச் சரியாகப் பின்பக்கம் மடக்கிப் போட்டுவிட்டான். காசம்மாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கொக்குக் கால் வேற மாரி கீது, இது திருட்டுக் கொக்கு" என்று அவன் முகத்தில் விட்டெறிந்தாள். இங்கே எங்கள் துணியை அடையாளம் கண்டுபிடிப்பது அந்தத் தப்பான காலை வைத்துத்தான். நீங்கள் வரைந்தது அழகாக இருக்கிறது. அதைச் சீட்டில் போட்டால் வியாபாரம் படுத்துவிடும்.

கழுத்துக்கு ஒரே தாள்தான். உங்கள் கொக்கின் மேல் தாளை வைத்து நகல் எடுத்தேன்.

முடிச்சு அவிழ்க்கும்போது ஒன்று கவனித்தேன். முதலில் எல்லாம் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தன. நானூறு கைலி தாண்டியதும் தளர ஆரம்பித்தன. கடைசி மூட்டையில் நகத்தாலேயே அவிழ்க்க வந்தது. உங்களுக்கு உடம்பு சரியில்லையா, சாப்பிடாமல் உட்கார்ந்து கட்டினீர்களா என்று கேட்டு எழுதச் சொன்னேன். இவர் எழுத மறந்துவிட்டார்.

வந்து போகச் சொல்கிறீர்கள். நான் வரப் போவதில்லை. மேரியில் அன்று காலையிலிருந்து மூடும் வரை வாசலில் நின்றேன். உறுவையாற்றுப் பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு வண்டியையும் பார்த்தேன். நம் ஊரிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். அவ்வளவு தூரம் வராதவருக்காக நான் கடல் தாண்டி வர வேண்டுமா? உங்கள் பிள்ளைதான் நான், எனக்கும் மறக்காது.

ஆனால் கடிதம் எழுதினால் பதில் எழுதுவேன். சீட்டைப் பற்றியும் கொக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லாமல் எழுதுங்கள். உங்களால் முடிகிறதா என்று பார்க்கிறேன்.

ஆதிலட்சுமி


உறுவையாறு
20 ஜூன் 1937

ஆதிலட்சுமிக்கு அப்பா எழுதுவது.

இங்கு நலம் என்று எழுதினேன். எழுதியதை அடித்திருக்கிறேன், கோட்டுக்குக் கீழே தெரியும்.

இந்த வாரம் நான் பேசியது ஒரே ஒரு தடவை. செவ்வாய்க்கிழமை வில்லியனூர்த் தபாலாபீசில் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். காலையில் சோறு வடித்தால் ராத்திரிக்கும் அதுதான். இரண்டு பேருக்கு வடிக்கும் பானையை மாற்றவில்லை, அதில் கொஞ்சமாகப் போட்டால் அடிப்பிடித்துவிடுகிறது. விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிடுகிறேன்.

மேரியைப் பற்றி எழுதியிருந்தாய். அன்று நான் வண்டியில் வரவில்லை. இருசப்பனிடம் வண்டி கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று, விடியும் முன் கிளம்பி நடந்தே வந்தேன். தேர் நிறுத்தும் கொட்டகை வரை வந்துவிட்டேன். அங்கிருந்து மேரி வாசல் நன்றாகத் தெரியும். உள்ளே போனால் குழந்தைவேல் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் வெளியே வரட்டும், பிறகு போகலாம் என்று நின்றேன். அவர் வெளியே வரவில்லை. மத்தியானம் ஆயிற்று. பேனாவைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

நீ பச்சைச் சேலை கட்டியிருந்தாய். வெயில் ஏறியதும் தூணின் நிழலுக்குப் போனாய். திரும்ப வெளியே வந்து நின்றாய். கதவு மூடும் வரை நானும் நின்றேன்.

நீ வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்பா